பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ: மாட்டிய பிறகும் சூடு இறங்கவில்லை என்றால்

தெர்மல்ரைட் நிறுவனத்தின் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ, கொடுக்கும் விலையோடு சேர்த்துப் பார்த்தால், இன்று கிடைக்கும் காற்றுவழி ப்ராசஸர் கூலர்களில் முதல் வரிசையில் வைக்கத் தக்கது என்பதே என் முடிவு. ஆனால் கடையிலிருந்து கணினி வீட்டுக்கு வந்த அன்றே எழுத உட்கார்ந்திருந்தால் இந்த மதிப்புரை நேர் எதிராக அமைந்திருக்கும். பழைய கூலரில் கண்ட வெப்பத்தைக் காட்டிலும் அன்று கண்ட வெப்பம் அதிகம். புதிய கூலர் வாங்கியவர்களில் பலர் இந்த இடத்தில்தான் மனம் வெறுத்து, பொருள் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள், அல்லது இன்னும் இரு மடங்கு பணம் போட்டு நீர்வழிக் கூலருக்குப் போகிறார்கள். ஆகவே கூலரின் தரத்தை மட்டும் எழுதாமல், அந்தத் தரம் வெளிப்படவிடாமல் தடுத்தது எது என்று தேடிய வழியையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இது மாட்டப்பட்டது ஏஎம்டி ரைசன் 7 5800எக்ஸ் ப்ராசஸரின் மேல். 2020 நவம்பரில் வெளிவந்த இந்த ப்ராசஸருடன் நிறுவனம் கூலர் எதையும் கொடுப்பதில்லை. நாமேதான் வாங்க வேண்டும். என் கணினி இருப்பதோ சென்னையில், குளிர்சாதனம் இல்லாத அறையில். கோடையில் அறையின் வெப்பமே 32, 33 டிகிரியில் நிற்கும். வெளிநாட்டு மதிப்புரைகளில் வரும் எண்கள் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரிக்குள் வைக்கப்பட்ட அறைகளில் எடுக்கப்பட்டவை. அறை பத்து டிகிரி கூடினால் ப்ராசஸரும் ஏறத்தாழ பத்து டிகிரி கூடும். எந்தக் கூலராலும் இதை மாற்ற முடியாது, ஏனென்றால் அது ஊதுவது அந்த அறையின் காற்றைத்தான். வெளிநாட்டவர் ஒருவர் 70 டிகிரி என்று எழுதியதை நம் வீட்டு 80 டிகிரியோடு ஒப்பிட்டு வருந்துவதற்கு முன் இந்தக் கழித்தலைச் செய்துவிட வேண்டும்.

பொருளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு அலுமினியத் தகட்டுக் கோபுரங்கள், அவற்றை ஊடுருவிச் செல்லும் 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஆறு செப்புக் குழாய்கள், 120 மில்லிமீட்டர் விசிறிகள் இரண்டு. ஒரு விசிறி முன்னால் நிற்கிறது, மற்றொன்று இரு கோபுரங்களுக்கும் நடுவில். மொத்த உயரம் 155 மில்லிமீட்டர் என்பதால் நடுத்தரக் கேபினெட்டுகள் பெரும்பாலானவற்றில் பக்கக் கண்ணாடியை இடிக்காமல் அடங்கிவிடுகிறது. முன் விசிறி மட்டும் ராம் எனப்படும் நினைவகப் பலகைகளின் மேல் வந்து நிற்கும். உயரமான ராம் வைத்திருப்பவர்கள் அந்த விசிறியைச் சற்று மேலேற்றி மாட்ட வேண்டியிருக்கும், அப்போது உயரக் கணக்கும் கூடும். இதே இரட்டைக் கோபுர வகையில் பெயர்பெற்ற நாக்டுவா என்எச்-டி15 இதன் விலையைப் போல் இரு மடங்குக்கும் மேல். அதன் கைவேலை நேர்த்தியும் 140 மில்லிமீட்டர் விசிறிகளின் அமைதியும் உயர்ந்தவை என்பதில் எனக்கு ஐயமில்லை; ஆனால் அந்த வேறுபாடு ஒரு சில டிகிரிகளில் அடங்கிவிடும் ஒன்று.

இனி சிக்கலுக்கு வருகிறேன். கூலரை விற்ற கடையே மாட்டியும் கொடுத்தது. வீட்டில், ப்ராசஸருக்கு முழு வேலை கொடுக்கும் சினிபெஞ்ச் ஆர்23 சோதனையை ஓட்டியதும் வெப்பம் நொடிப்பொழுதில் 90 டிகிரியைத் தொட்டு அங்கேயே நின்றது. கடைக்குத் தொலைபேசியில் சொன்னபோது, "இந்த ப்ராசஸர் சூடாத்தான் சார் ஓடும், எல்லாருக்கும் அப்படித்தான்" என்று பதில் வந்தது. அதில் பாதி உண்மை உண்டு. 5800எக்ஸ் சூடாக ஓடுவது அதன் அமைப்பிலேயே உள்ளது. எட்டு கோர்களும், அதாவது கணக்கிடும் அலகுகளும், ஏறத்தாழ 80 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள ஒரே சில்லில் அடங்கியிருக்கின்றன. முழு வேலையில் ப்ராசஸர் எடுத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்ட 142 வாட்டில் பெரும்பகுதி விரல் நகத்தளவேயான அந்தச் சில்லுக்குள்தான் வெப்பமாகிறது. அந்தச் சில்லும் மேல்மூடியின் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறது. ஆகவே கூலர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், சில்லிலிருந்து மேல்மூடிக்கும் மேல்மூடியிலிருந்து கூலரின் அடிப்பாகத்துக்கும் வெப்பம் கடக்கும் அந்தச் சிறு வாசலே வேகத்தைத் தீர்மானிக்கிறது. இதே ப்ராசஸரில் நீர்வழிக் கூலருக்கு மாறியவர்களுக்கு எதிர்பார்த்த அளவு இறக்கம் கிடைக்காததற்கும் காரணம் இதுதான்.

ஆனால் மீதிப் பாதி தவறு. சூடாக ஓடுவது வேறு, எல்லையில் முட்டி நிற்பது வேறு. இந்த ப்ராசஸரின் உச்ச வெப்ப வரம்பு 90 டிகிரி. அதைத் தொட்டதும் ப்ராசஸர் தானாகவே தன் வேகத்தையும் மின்நுகர்வையும் குறைத்துக்கொண்டு அந்த எண்ணைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறது. எனவே திரையில் 90 என்று அசையாமல் நிற்கும் எண் உண்மையான அளவு அன்று. அதற்குப் பின்னால் நிலைமை எவ்வளவு மோசம் என்பதை அது மறைத்துவிடுகிறது. எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் வெப்பத்தோடு ப்ராசஸரின் மொத்த வாட் எண்ணையும் கோர்களின் வேகத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை விளங்கும். என் கணினியில் அப்போது 90 டிகிரிக்கு ப்ராசஸர் எடுத்துக்கொண்டது 105 வாட்டை ஒட்டித்தான். வேகமும் நொடிக்கு நொடி இறங்கிக்கொண்டிருந்தது. வெப்பம், வாட், அறை வெப்பம் என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்லாத எந்த எண்ணையும் வைத்து ஒரு கூலரை எடை போடக் கூடாது என்று நான் வலியுறுத்திச் சொல்வது இதனால்தான்.

தேடலை எளிதானதிலிருந்து தொடங்குவது நல்லது. கூலரைக் கழற்றுவது கடைசி வேலையாக இருக்க வேண்டும். முதலில் பயாஸ், அதாவது மதர்போர்டின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் திரை. பல மதர்போர்டுகள் ப்ரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ் என்ற அமைப்பின் மூலம் 142 வாட் வரம்பைத் தளர்த்திவிடும் வழியை வைத்திருக்கின்றன. பெரிய கூலர் வந்துவிட்டது என்பதற்காக அதைத் திறந்துவிட்டால், கூலர் கூடுதலாக வெளியேற்றும் வெப்பத்தை ப்ராசஸர் கூடுதலாக உண்டாக்கி ஈடுகட்டிவிடும், வெப்பநிலை மட்டும் இறங்காது. என் கணினியிலும் அது திறந்துதான் இருந்தது. அதை நிறுத்தி, எல்லாவற்றையும் நிறுவனத்தின் வரம்புக்குக் கொண்டுவந்த பிறகும் 90 டிகிரி மாறவில்லை. 105 வாட்டிலேயே முட்டி நிற்கும் ஒன்றுக்கு 142 வாட் என்ற வரம்பு ஒரு பொருட்டில்லை அல்லவா? ஆகவே மின்சாரம் காரணம் அன்று என்று ஒதுக்கினேன்.

அடுத்தது காற்று. விசிறிகள் இரண்டும் சுற்றுகின்றனவா, இணைப்புக் கம்பி மதர்போர்டில் சிபியு ஃபேன் என்று எழுதியுள்ள இடத்தில் செருகப்பட்டிருக்கிறதா, இரண்டும் ஒரே திசையில் ஊதுகின்றனவா என்று பார்க்க வேண்டும். விசிறியின் சட்டத்தில் அம்புக்குறி இருந்தால் அதைப் பின்பற்றலாம். இல்லாவிட்டால் நடு மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கைகள் எந்தப் பக்கம் உள்ளனவோ அந்தப் பக்கம்தான் காற்று வெளியேறும். ஒரு விசிறி முன்னோக்கியும் மற்றொன்று பின்னோக்கியும் மாட்டப்பட்டால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து ஊதும். பார்வைக்கு எல்லாம் சரியாகச் சுற்றுவது போலவே இருக்கும். என்னுடையதில் இது சரியாகவே இருந்தது. பிறகு கேபினெட்டின் பக்கக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அதே சோதனையை ஓட்டினேன். கேபினெட்டுக்குள் சூடான காற்று தேங்குவதுதான் குறை என்றால், கண்ணாடியை எடுத்ததும் எண்கள் தெளிவாக மாறும். வாட்டும் கூடவில்லை, வெப்பமும் இறங்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு சிறு சோதனை மிகவும் உதவியது. கருவி எதுவும் வேண்டாத சோதனை அது. முழு வேலையில் ப்ராசஸர் 90 டிகிரியில் ஓடிக்கொண்டிருக்கும்போது, சுற்றும் விசிறியில் விரல் படாதபடி பின்பக்கக் கோபுரத்தின் தகடுகளைத் தொட்டுப் பார்த்தேன். அவை வெதுவெதுப்பாகக்கூட இல்லை. பின்பக்கம் வெளியேறிய காற்றும் அறைக் காற்றைப் போலவே இருந்தது. உள்ளே 90 டிகிரி, வெளியே குளிர்ந்த தகடுகள் என்றால் சில்லுக்கும் கூலருக்கும் நடுவே வெப்பம் தடைபடுகிறது என்று பொருள். வெப்பம் ஏறும் விதமும் இதையே சொன்னது. காற்றோட்டம் போதாத கணினியில் வெப்பம் நிமிடக் கணக்கில் படிப்படியாக ஏறும். அடிப்பாகத்தின் தொடுகை சரியில்லாத கணினியில் சோதனையைத் தொடங்கிய ஓரிரு நொடிகளிலேயே எல்லையைத் தொட்டு, நிறுத்திய மறுநொடியே விழுந்துவிடும். 5800எக்ஸ் நல்ல தொடுகையிலும் சட்டென்று 70 டிகிரிக்கு மேல் தாவும் ப்ராசஸர்தான் என்பதால், தாவுவதை மட்டும் பார்க்காமல் எங்கே போய் நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆக, கூலரைக் கழற்ற வேண்டியதாயிற்று. 5800எக்ஸ் போல ஏஎம்4 சாக்கெட்டில் பொருந்தும் ப்ராசஸர் வைத்திருப்பவர்கள் இங்கே மிகுந்த கவனத்தோடு இருக்க வேண்டும். இந்த வகையில் 1331 ஊசிகளும் ப்ராசஸரின் அடியில்தான் உள்ளன. ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவே வெப்பத்தைக் கடத்தப் பூசும் தெர்மல் பேஸ்ட் இறுகிய நிலையில் கூலரை நேராக மேலே இழுத்தால், பூட்டிய சாக்கெட்டிலிருந்து ப்ராசஸரும் கூடவே பிய்த்துக்கொண்டு வரும், ஊசிகள் வளையும். கணினியைச் சில நிமிடங்கள் வேலையில் ஓட்டிப் பேஸ்ட்டை இளக்கிவிட்டு, மின்இணைப்பை முற்றிலும் துண்டித்து, நடு விசிறியை எடுத்து, திருகுகளைத் தளர்த்திய பிறகு, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி அதன் பிடி விட்டதும் தூக்க வேண்டும்.

திருகுகளைத் தளர்த்தும்போதே விடை தெரிந்துவிட்டது. ஸ்பிரிங் கோத்த இரண்டு திருகுகளில் ஒன்று கடைசிவரை இறங்கி இறுகியிருந்தது. மற்றொன்றோ பாதியிலேயே நின்றிருந்தது, அதன் ஸ்பிரிங் முழுதாக அழுந்தவே இல்லை. தூக்கிப் பார்த்தபோது ப்ராசஸரின் மேல்மூடியில் பேஸ்ட் படிந்திருந்த கோலம் அதை உறுதி செய்தது. இறுகியிருந்த திருகின் பக்கம் பேஸ்ட் மெல்லிய சாம்பல் படலமாகப் பரவி, இடையிடையே உலோகத்தின் மினுமினுப்பும் தெரிந்தது. எதிர்ப்பக்கத்தில், கடையில் வைத்த பொட்டின் விளிம்பு கலையாமல், தடித்த மேடாக அப்படியே நின்றது. சில்லு ஒதுங்கியிருப்பதும் அந்தத் தடித்த பக்கத்தில்தான். கூலரின் அடிப்பாகத்தில் ஒட்டி வரும் பாதுகாப்புப் பிளாஸ்டிக் தாளை எடுக்காமல் மாட்டிவிடுவது இதைவிடப் பரவலாக நடக்கும் தவறு. அதையும் தேடிப் பார்த்தேன், என் கூலரில் தாள் எடுக்கப்பட்டிருந்தது.

ஒரு திருகை முதலில் முழுதாக இறுக்கிவிட்டு மற்றதற்குப் போனால் அடிப்பாகம் சாய்ந்துவிடுகிறது. சாய்ந்த நிலையில் இரண்டாம் திருகு கடினமாகத் திரும்புவதால் இறுகிவிட்டது என்று கை நம்பிவிடுகிறது. சரியான முறை, இரண்டு திருகுகளையும் முதலில் புரிகளில் பிடிக்கும் அளவுக்கு மட்டும் இறக்கி, பிறகு இங்கே ஒரு சுற்று, அங்கே ஒரு சுற்று என்று மாறி மாறி, இரண்டும் தாமாக நிற்கும்வரை இறுக்குவது. பழைய பேஸ்ட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் இழை உதிராத துணியும் கொண்டு இரு பரப்புகளிலும் துடைத்தெடுத்து, புதிதாகப் பெருக்கல் குறி போல் இட்டு, இம்முறைப்படி மாட்டினேன். பேஸ்ட் எந்த நிறுவனத்துடையது என்பதைப் பற்றி நீண்ட வாதங்கள் நடக்கின்றன. நல்ல பேஸ்ட்டுகளுக்கிடையே உள்ள வேறுபாடு ஓரிரண்டு டிகிரிதான், சாய்ந்த அடிப்பாகம் தின்னும் டிகிரிகளுக்கு முன் அது கணக்கிலேயே வராது.

அதே அறை, அதே சோதனை, அறை வெப்பம் 32 டிகிரி. இம்முறை ப்ராசஸர் 125 வாட் அளவில் எடுத்துக்கொண்டு, பத்து நிமிட ஓட்டத்தின் முடிவில் 81 டிகிரியில் நின்றது. வெப்பம் ஒன்பது டிகிரிதான் இறங்கியது என்று மேலோட்டமாகத் தோன்றலாம். ஆனால் இருபது வாட் கூடுதலாக ஏற்றுக்கொண்டு, வேகம் குறையாமல் ஓடி, அதற்கு மேலும் ஒன்பது டிகிரி இடைவெளி விட்டிருக்கிறது என்பதே சரியான வாசிப்பு. பின்பக்கத்திலிருந்து வந்த காற்றும் இப்போது கைக்குச் சூடாகத் தெரிந்தது. இனிதான் கேபினெட்டின் காற்றோட்டம் கணக்குக்கு வருகிறது: பக்கக் கண்ணாடியை எடுத்தால் மூன்று டிகிரி குறைகிறது. முன்பு ஒன்றுமே செய்யாத அதே கண்ணாடி, தொடுகை சரியான பின் தன் பங்கைக் காட்டுகிறது. ஒரு நேரத்தில் ஒரு குறையை மட்டும் திருத்தி, ஒவ்வொரு முறையும் அளந்து பார்ப்பதன் பயன் இதுதான்.

81 டிகிரியோடு நிறுத்த வேண்டிய கட்டாயமும் இல்லை. பயாஸில் கர்வ் ஆப்டிமைசர் என்ற பகுதியில் எல்லாக் கோர்களுக்கும் எதிர்மறை எண் கொடுத்தால், அதே வேகத்துக்குக் குறைந்த மின்னழுத்தம் போதும். அளவு மீறினால் கணினி வேலை நடுவே உறைந்துபோகும் என்பதால் சிறிய எண்ணில் தொடங்கி, நாள்கணக்கில் வழக்கமான வேலையில் ஓட்டிப் பார்த்து இறங்க வேண்டும். எனக்கு இதில் நான்கைந்து டிகிரி கிடைத்தது. அமைதிதான் முக்கியம் என்பவர்கள், மின்நுகர்வைக் குறைக்கும் 65 வாட் ஈகோ முறையைப் பயன்படுத்தலாம். அதில் மொத்த வரம்பு 88 வாட்டாகக் குறைகிறது, அந்த அளவு வெப்பம் இந்தக் கூலருக்கு ஒரு சுமையே இல்லை. ஒன்றும் செய்யாமல் இருக்கும்போதே வெப்பம் 40க்கும் 60க்கும் இடையில் துள்ளுகிறதே என்று கவலைப்படுபவர்களும் உண்டு. ஒரு கோர் மட்டும் 4.7 கிகாஹெர்ட்ஸ் வரை ஒரு கணம் பாய்வதால் வரும் துள்ளல் அது, குறை அன்று. விசிறி அதன் பின்னாலேயே ஓடி ஏறி இறங்குவதுதான் தொல்லை, அதற்குப் பயாஸில் விசிறி எதிர்வினை நேரத்தைச் சில நொடிகள் தள்ளி வைத்தால் போதும்.

விசிறிகளின் உச்ச வேகம் நிமிடத்துக்கு 1550 சுற்று. உச்சத்தில் ஒலி கேட்கத்தான் செய்கிறது, ஆனால் கூர்மையான சீழ்க்கை இல்லை; காற்றின் இரைச்சல் மட்டுமே. 1100 சுற்றை ஒட்டி ஓடும்போது, அறையில் மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தால் இது இருப்பதே தெரிவதில்லை. இரவில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பார்த்தும் எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை.

இன்டெல் ப்ராசஸர்களில் இதை மாட்டுபவர்களுக்கு வேறு இரண்டு செய்திகள். எல்ஜிஏ1700 சாக்கெட்டின் பூட்டு, நீளமான அந்த ப்ராசஸரை நடுவில் அழுத்துவதால் மேல்மூடி சற்றே வளைகிறது. அதனால் கூலரின் தொடுகை நடுவிலும் ஓரத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. இதற்கென்றே பூட்டுக்குப் பதிலாக மாட்டும் உலோகச் சட்டங்கள் விற்கின்றன, தெர்மல்ரைட்டே ஒன்று செய்கிறது. இரண்டாவது, மின்வரம்பு. கோர் ஐ7 13700கே ப்ராசஸருக்கு இன்டெல் குறித்துள்ள உச்சம் 253 வாட். ஆனால் சில மதர்போர்டுகள் கூலரின் வகையைக் கேட்டு, நீர்வழி என்று தேர்ந்தெடுத்தால் வரம்பை 4096 வாட் என்று எழுதிவிடுகின்றன, அதாவது வரம்பே இல்லை. அந்த நிலையில் அந்த ப்ராசஸர் 100 டிகிரியைத் தொடுவதற்குக் கூலரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. முதலில் 253 என்று வரம்பைத் தட்டச்சு செய்துவிட்டு அளந்து பாருங்கள். ரைசன் 7000 வரிசைக்காரர்களும் ஒன்றைத் தெரிந்திருக்க வேண்டும்: 7700எக்ஸ், 7950எக்ஸ் போன்றவை முழு வேலையில் 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை, அங்கே வெப்ப எண்ணை விட்டுவிட்டு, 95 டிகிரியில் எத்தனை வாட், என்ன வேகம் என்றுதான் கூலர்களை ஒப்பிட முடியும்.

யாருக்கு இது வேண்டாம் என்றால், 65 வாட் வகை ப்ராசஸரில் அலுவலக வேலை செய்பவர்களுக்கு இது தேவைக்கு மீறியது; ஒற்றைக் கோபுரக் கூலரே போதும். கேபினெட் குறுகலாக, கூலருக்கு 155 மில்லிமீட்டர் இடம் கொடுக்காததாக இருந்தால் வேறு பார்க்க வேண்டியதுதான். படம் தொகுப்பது, முப்பரிமாண வேலை, நீண்ட நேரம் எல்லாக் கோர்களையும் ஓட்டும் வேலை என்று, 5800எக்ஸ் போல நிறுவனம் 105 வாட் வகை என்று குறிக்கும் ப்ராசஸர் வைத்திருப்பவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். கடையில் மாட்டித் தரச் சொல்பவர்கள், கணினியை எடுத்துக்கொள்வதற்கு முன் அங்கேயே பத்து நிமிடம் சினிபெஞ்ச் ஓட்டி, வாட்டையும் வெப்பத்தையும் ஒரே திரையில் காட்டச் சொல்லிப் பார்த்து வாங்குங்கள். நடு விசிறியை மாட்டிவிட்டால் இரண்டு திருகுகளும் கண்ணுக்கு மறைந்துவிடும் என்பதால், அதை மாட்டுவதற்கு முன்பே இரண்டும் கடைசிவரை இறங்கியிருக்கின்றனவா என்று உங்கள் கண்ணால் பார்த்துவிடுவது இன்னும் நல்லது.